பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு கேசிங்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்கிற வரிசை வீடுகள்தான் லயம். லயத்துக் காம்பரா, அதாவது அறை, ஒன்று பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கட்டில், அலுமாரி, சாமித்தட்டு, தையல் மெசின், கொடியில் காயாமல் தொங்கும் துணி எல்லாம் அதற்குள்தான். படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது நடக்கிற வழி மட்டும். இந்த வீட்டுக்குள் கடையில் விற்கிற சாதாரண கணினிப் பெட்டி, அதாவது கேசிங் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். 450 மி.மீ. உயரம், 450 ஆழம், 210 அகலம் என்று பெருக்கினால் 42 லீற்றருக்கு மேல் வருகிறது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெற்றிடம். டிவிடி டிரைவ் பூட்டிய காலத்துக் கூடு, நாலைந்து ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற தட்டு, நீளமான கிராபிக்ஸ் கார்டுக்கு விட்ட இடம். எங்கள் பிள்ளைகள் பாவிக்கிற கணினியில் இவற்றில் எதுவுமே இருப்பதில்லை.

சிறிய கேசிங் என்றாலே வசதி உள்ளவர்களின் அழகுப் பொருள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இணையத்தில் பார்க்கிற படங்களும் அப்படித்தான்: வெள்ளை மேசை, அலுமினியப் பெட்டி, பக்கத்தில் ஒரு செடி. ஆனால் இடம் இல்லாதவருக்குத்தானே சிறிய பெட்டி முதலில் வேண்டும்? அதை வெளிநாட்டில் இருந்து வரவழைக்கவும் தேவையில்லை. நம் டவுனில் கூரைப் பீலி மடித்துக் கொடுக்கிற தகர வேலைக்காரர் செய்யக்கூடியதாக ஒரு கேசிங்கை வரையலாம். வரைகிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. அவருடைய மெசின் எதை மடிக்கும், எதை மடிக்காது என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து வரையத் தொடங்க வேண்டும்.

எனக்கு இந்த வேலை அக்காவின் மகளால் வந்தது. பேராதனையில் பொறியியல் படிக்கிறாள். வார நாட்களில் விடுதி, வார இறுதியில் வீடு. "மாமா, லேப்டாப் வேணாம், திறந்து பாக்கிற மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள். நியாயமான ஆசை. லேப்டாப்பில் திரை போனாலும் சார்ஜ் துளை போனாலும் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பல மாதிரிகளில் ரேம் பலகையோடு ஒட்டியே வருகிறது. தனித்தனிப் பாகமாக வாங்கிய கணினியைச் சீட்டுப் பணம் விழும்போது ஒன்று, போனஸ் வரும்போது ஒன்று என்று வளர்க்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தொட்டபோது கணினி வாங்க வைத்திருந்த பணத்தில் பாதிக் கணினிதான் வந்தது. அப்போது பழைய மொனிட்டரையும் கீபோர்டையும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றியவர்கள் தப்பித்தார்கள். இந்த நாட்டில் பிரித்து மாற்றக்கூடிய பொருளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

சரி, எல்லாப் பாகமும் பூட்டுகிற தாய்ப்பலகை, எந்த மதர்போர்ட்? சின்னக் கணினிகளின் உலகம் முழுவதும் மினி ஐடிஎக்ஸ் என்ற ஒரே அளவின் மேல் நிற்கிறது. தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு அது: 170க்கு 170 மி.மீ. சாதாரண ஏடிஎக்ஸ் போர்ட் 305க்கு 244. மினி ஐடிஎக்ஸ் போர்ட்டில் ஒரு செயலி, இரண்டு ரேம், தகவல் சேமிக்கிற சின்ன எம்.2 எஸ்எஸ்டி ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு ஸ்லாட். ஒரு மாணவிக்கு வேறென்ன வேண்டும். செயலியாக ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, 65 வாட் வகை, அதைக் குளிர்விக்கிற விசிறியான கூலரும் செயலியோடு சேர்ந்தே வரும். கிராபிக்ஸ் கார்ட் தேவைப்படாததால் பெட்டியின் அளவை நினைத்த அளவுக்குக் குறைக்க முடிந்தது.

விளையாட்டுக்காக கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. என்கேஸ் எம்1 என்ற பெட்டி 2013 வாக்கில் பலரிடம் முன்பணம் திரட்டிப் பிறந்தது. 13 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் டானியல் ஹான்சன் வடிவமைத்த டான் ஏ4, போர்டையும் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிளால் இணைத்து, எல்லாவற்றையும் 7 லீற்றரை ஒட்டிய இடத்துக்குள் அடக்கியது. பெரிய கம்பனிகள் செய்யாததைத் தனி மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து வரைந்து செய்திருக்கிறார்கள். நான் வரையத் துணிந்ததற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம்.

நான் அதிக நேரம் யோசித்தது பவர் சப்ளையைப் பற்றி. சிறிய பெட்டிக்கு வழக்கமாக எஸ்எஃப்எக்ஸ் வகையைச் சொல்வார்கள்: 125 × 63.5 × 100 மி.மீ. நல்ல பொருள். இன்னும் ஒடுக்கமாக வேண்டும் என்றால் ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ், 81.5 × 40.5 × 150; ஆனால் அதன் 40 மி.மீ. விசிறி கீச்சிடும். ஒரே அறையில் தாத்தா தூங்க, பேத்தி படிக்கிற வீட்டுக்கு அது சரிவராது.

சத்தத்தைவிடப் பெரிய காரணம் கரண்ட். இந்தப் பவர் சப்ளைகள் எல்லாமே 230 வோல்டைப் பெட்டிக்குள் கொண்டுவருகின்றன. மின்சாரம் நுழைகிற வாசலில் உள்ள வடிகட்டிச் சுற்றில், கம்பிக்கும் உலோகக் கூட்டுக்கும் நடுவே சிறு கப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்த வழியாகக் கசிகிற துளி மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் அது கேசிங்கின் மேலேயே நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் விரலில் கூசும். பழைய லயங்களில் வயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பது இங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். கையால் மடித்த ஒரு தகரப் பெட்டிக்குள், அந்த வயரிங்கில் இருந்து 230 வோல்டை நான் விடமாட்டேன். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆகவே வெளியே ஒரு அடாப்டர், 12 வோல்ட், 12.5 அம்பியர், அதாவது 150 வாட். உள்ளே மதர்போர்டின் 24 முள் சொக்கெட்டில் நேராகச் செருகுகிற கட்டைவிரல் அகலச் சின்னப் பலகை ஒன்று. பிகோ பிஎஸ்யூ என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும். 5600ஜி முழு மூச்சில் ஓடினாலும் செயலி மட்டும் 88 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். மிச்சம் போதும். பெட்டிக்குள் ஆகக் கூடியது 12 வோல்ட் என்பதால் அவள் அதைத் திறந்து கைவைத்துப் படிக்கலாம், எனக்குப் பயமில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி கூடும்போது அடாப்டரையும் ரவுட்டர் கேபிளையும் கழற்றி வைத்தால் மேசையில் இருப்பது வெறும் பெட்டி. மின்னலில் போனாலும் பெரும்பாலும் முதலில் போவது அடாப்டர்தான். அது மட்டும் போயிருந்தால் அதை மட்டும் வாங்கினால் போதும்.

பெட்டரியில் ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சின்னப் பலகைகளில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த வகை, வருகிற 12 வோல்டை அப்படியே போர்டின் 12 வோல்ட் கோட்டுக்குக் கடத்திவிடும். சார்ஜில் இருக்கிற கார் பெட்டரி 14.4 வோல்ட்வரை போகும். அதை இந்த வகையில் நேராக மாட்டக் கூடாது. அகன்ற உள்ளீட்டு வகை என்று ஒன்று இருக்கிறது, விலை கூட. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்காதவர்கள் அந்த விலையைக் கொடுக்கலாம்.

இனி அளவு. பெட்டியின் நீள அகலத்தை போர்டே சொல்லிவிடும். கவனமாகக் கூட்ட வேண்டியது உயரத்தை. போர்ட் தகட்டைத் தொடாமல் நிற்கிற பித்தளைத் தூண் 6.35 மி.மீ. போர்டின் கனம் 1.6. அதற்கு மேல் சொக்கெட்டும் செயலியும் சேர்ந்து ஏறக்குறைய ஏழரை. கூலரின் உயரம் செயலியின் மேற்பரப்பில் இருந்துதான் கணக்கு. செயலியோடு வருகிற ரைத் ஸ்டெல்த் கூலர் 54. கூட்டினால் 69.5 வருகிறது. நொக்டுவாவின் 37 மி.மீ. கூலரைப் போட்டால் இன்னும் 17 மி.மீ. குறைத்து, பெட்டியை மூன்று லீற்றருக்குக் கீழே இறக்கியிருக்கலாம். ஆனால் இலவசமாக வந்த கூலரை மூலையில் போட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பணம் கொடுக்க அக்காவிடம் எப்படிச் சொல்வது? கூலருக்கு மேலே பத்து மி.மீ. மூச்சு விடுகிற இடம் விட்டு, உள் உயரத்தை 80 என்று வைத்தேன். வெளி அளவு 215 × 205 × 83. பெருக்கினால் 3.66 லீற்றர்.

லீற்றர் கணக்கில் ஒரு மயக்கம் இருக்கிறது. சின்னப் பெட்டி செய்கிறவர்கள் அரை லீற்றர் குறைப்பதற்காக கேபிள் போக வழியில்லாமல் ஆக்கிவிடுவார்கள். 24 முள் கேபிளைக் கழற்ற இரண்டு விரல் நுழைய வேண்டும். ரேமை விடுவிக்க அந்தக் கொக்கியை விரல் எட்ட வேண்டும். போர்ட் 170, பெட்டி 205. அந்த மிச்சம் கைக்கு விட்ட இடம், அதில் எனக்கு வருத்தமில்லை. 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றும் அந்தப் பக்கமே நிமிர்ந்து நின்றுகொள்ளும்.

அப்புறம் காற்று. மலைக்கு மேலே குளிராகத்தானே இருக்கிறது, கம்பியூட்டர் சூடாகாது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஹட்டன் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கொழும்புக் காற்றைவிட ஹட்டன் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 12 வீதம் குறைவு, நுவரெலியாவில் 17 வீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றும்போது அதே கன அளவுக் காற்றைத்தான் தள்ளும். அந்தக் காற்றில் பொருள் குறைவு என்பதால் அது சுமக்கிற வெப்பமும் குறைவு. கொழும்பில் பெட்டிக்குள் போய் 10 பாகை சூடேறி வெளிவருகிற காற்று, ஹட்டனில் 11க்கு மேல் சூடேறித்தான் வரும். அறை எட்டுப் பத்துப் பாகை குளிர்ச்சியாக இருப்பதால் கடைசியில் இலாபம் நமக்குத்தான். ஆனாலும் கொழும்பில் பரீட்சித்த பெட்டியை அப்படியே இங்கே கொண்டுவந்து, குளிர் இருக்கிறதே என்று காற்றுத் துளையைக் குறைக்கக் கூடாது.

காற்று எங்கே போகும் என்பதற்கு, தேயிலைக் கொழுந்து வாட்டுகிற நீளத் தொட்டியான ட்ரஃப்பைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு முனையில் பெரிய விசிறி, வலைக்கு மேலே கொழுந்து, கீழே காற்று. கொழுந்தை ஓரிடத்தில் மெலிசாகப் பரப்பிவிட்டால் காற்று முழுவதும் அந்த இடத்தால் ஓடிவிடும், மற்ற இடம் வாடாது. கேசிங்குக்குள்ளும் அதே கதை. கூலரின் விசிறிக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே இருக்கிற பத்து மி.மீ. இடைவெளி வழியாக, பக்கத்தில் சூடாகி வந்த காற்றே திரும்ப உள்ளே இழுபடும். வெளியில் இருக்கிற குளிர்ந்த காற்றுக்கு அங்கே வேலை இருக்காது. அதனால் விசிறியைச் சுற்றி ஒரு வளையம் வேண்டும். கதவு இடுக்குக்கு ஒட்டுகிற கறுப்பு ஃபோம் பட்டியை இரண்டு அடுக்காக மேல் தகட்டின் உட்புறத்தில் வட்டமாக ஒட்டினேன். மூடியைப் பூட்டும்போது அது விசிறியின் விளிம்பில் போய் அமர்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பொருள். செயலியின் சூட்டைக் குறைப்பதில் எனக்குத் தெரிந்து இதற்கு நிகரானது எதுவும் இல்லை. 5600ஜிக்கு எல்லை 95 பாகை. நாள் முழுக்க வரைபட மென்பொருள் ஓடினாலும் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

உள்ளே இழுக்கிற வழியில் என்ன வலை போடுவது என்பது தனிக் கேள்வி. தகட்டிலேயே துளை போடலாம். ஐந்து மி.மீ. துளைகளை ஏழு மி.மீ. இடைவெளியில், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தள்ளிப் போட்டால், பரப்பில் 46 வீதம் திறந்திருக்கும். மூன்று மி.மீ. துளை, ஐந்து மி.மீ. இடைவெளி என்றால் 33 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. கையால் நூற்றுக்கணக்கான துளை போட்டால் தகடு நெளியும், பிசிர் தட்டவே ஒரு நாள் போகும். ஐந்து மி.மீ. துளையில் பல்லிக்குஞ்சு நுழையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசிறியில் பல்லி மாட்டிச் செத்த கணினிகளை நான் திறந்திருக்கிறேன்.

இதற்கு விடை தேயிலை ஃபெக்டரிக்குள் இருந்தது. தூளை வகை பிரிக்கிற சல்லடைகள் எண்ணால் அறியப்படுகின்றன: ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதே அந்த எண். பத்தாம் நம்பர் என்றால் ஒவ்வொரு கண்ணும் கம்பியோடு சேர்த்து 2.54 மி.மீ. கம்பி அரை மி.மீ. என்றால் திறப்பு 2.04. இரண்டையும் வர்க்கித்து வகுத்தால் 64 வீதம் திறந்த பரப்பு. கையால் தகட்டில் துளைபோட்டு எவ்வளவு பாடுபட்டாலும் எட்டுவது கடினமான அளவு இது, அதுவும் துருப்பிடிக்காத எஃகில். ஓரம் கிழிந்து ஒதுக்கி வைத்த சல்லடை ஒன்றில் நல்ல பகுதி நிறைய மிஞ்சியிருக்கும். தோட்டத்து ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கிற நண்பர், அனுமதி கேட்டு ஒரு துண்டு வாங்கித் தந்தார். மேல் தகட்டில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டி, உள்ளிருந்து அந்த வலையை வைத்து ரிவெட் அடித்தோம். பல்லியும் கரப்பானும் வராது, காற்று தடையில்லாமல் வரும். கடையில் வாங்குகிற சாதாரண கேசிங்கில் இப்படிப்பட்ட வலை பெரும்பாலும் இருக்காது.

வலை தூசியைத் தடுக்காது. இங்கே தூசியைவிடப் புகைதான் பிரச்சினை. விறகடுப்புப் புகையில் உள்ள கரி, ஈரத்தோடு சேர்ந்து விசிறி இறக்கைகளில் பிசுபிசுப்பாகப் படியும். ஊதினால் போகாது, துணியால் துடைக்க வேண்டும். அதனால் மூடி கழற்ற எளிதாக இருக்க வேண்டும். நான்கு ஸ்க்ரூ, ஒரே அளவு, கையாலேயே திருகக்கூடிய தலை.

இனி தகர வேலை. எங்கள் டவுனில் பீலி, புகைக்கூண்டு, ட்ரங்குப் பெட்டி எல்லாம் செய்கிறவர், எல்லோருக்கும் "பாஸ் அண்ணே". நான் ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் அழகாக வரைந்து கொண்டுபோனதை வாங்கிப் பார்த்தார். ஐந்து பக்கமும் ஒரே தகட்டில் மடித்து வருகிற பெட்டி. பார்த்துவிட்டுத் தன் மடிப்பு மெசினின் நீண்ட தாடையைக் காட்டினார்.

"நாலு பக்கமும் இதுல மடிச்சா பெட்டி மெசின விட்டு வெளிய வராது தம்பி. மூணாவது பக்கத்தோட நிக்கணும்."

"அப்ப எப்படிண்ணே செய்றது?"

"ரெண்டா கொண்டு வாங்க. ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. ரெண்டும் ப மாதிரி."

அந்த இரண்டு வரியில் முழு வடிவமும் மாறியது, நல்லதாக மாறியது. கீழ்த் துண்டு: அடித்தகடு, முன்பக்கம், பின்பக்கம். மேல் துண்டு: மூடி, இடது, வலது. ஒவ்வொன்றிலும் இரண்டே பெரிய மடிப்பு, ஓரத்தில் ஸ்க்ரூ பிடிக்கப் பத்து மி.மீ. நாக்கு. மேல் துண்டைத் தூக்கினால் போர்ட் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். கணினியில் வரைந்த ஐந்து பக்கப் பெட்டியில் அந்த வசதி கிடையாது. முப்பது வருடமாக ட்ரங்குப் பெட்டி செய்கிற மனிதருக்கு ஒரு பெட்டி எப்படித் திறக்க வேண்டும் என்று தெரியாதா என்ன.

தகடு 20 கேஜ் கல்வனைஸ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, கனம் 0.9 மி.மீ.யை ஒட்டி. மடிக்கும்போது தகடு இழுபடும் என்பதால் மடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவு உண்டு. புத்தகச் சூத்திரப்படி இந்தக் கனத்துக்கு 1.6 மி.மீ. வருகிறது. ஆனால் சூத்திரம் மெசினின் தாடை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறியாது. சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டி வெட்டி, நடுவில் செங்கோணத்துக்கு மடித்து, இரண்டு கால்களையும் வெளிப்புறமாக அளந்து கூட்டுங்கள். நூற்றுக்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுதான் அந்த மெசினின் கழிவு. அதை வரைபடத்தில் போட்டால் முடிந்தது. இரண்டு மடிப்பில் மூன்று மி.மீ. தவறினால் மூடி பூட்டாது என்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

பீலி வேலையில் ஒரு மி.மீ. பெரிய விஷயமில்லை, மதர்போர்டில் அது பெரிய விஷயம். பின்பக்கத்தில் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துவாரங்கள் வெளியே தெரிகிற வாய் 158.75க்கு 44.45 மி.மீ., அனுமதிக்கிற பிசகு 0.2. இதைத் தகரம் வெட்டுகிற கத்திரியான ஸ்னிப்பால் வெட்டச் சொல்வது பாஸ் அண்ணனுக்குச் செய்கிற அநியாயம். பின் தகட்டில் வாயைப் பத்து மி.மீ. பெரிதாக, தாராளமாக வெட்டச் சொல்லிவிட்டேன். துல்லியமான வாயை ஒரு சிறிய தனித் துண்டில் அரம் போட்டு நானே எடுத்து, உள்ளிருந்து பூட்டினேன். போர்ட் நிற்கிற தட்டும் அப்படியே தனித் துண்டு. துல்லியம் தேவைப்படுகிற இரண்டும் கழற்றி மாற்றக்கூடிய துண்டுகளாக ஒதுங்கிவிட்டதால், பெட்டி அவருடைய வழக்கமான வேலைத்தரத்தில் இருந்தாலே போதும். நாளை போர்டை மாற்றினாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

போர்டின் நான்கு துளைகளும் செவ்வகமாக அமையாது. ஒன்று மட்டும் 22.86 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். அளவுநாடாவை நம்பாமல் முழு அளவில் அச்சிட்ட தாளை ஒட்டித் துளையிடுவதே வழி. அச்சிடும்போது தாளுக்குள் அடங்க வைக்கும் வசதி சத்தமில்லாமல் படத்தைச் சுருக்கிவிடும். எனவே தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் வரைந்து, வந்ததும் அடிமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். 0.9 மி.மீ. தகட்டில் மூன்று மி.மீ. ஸ்க்ரூவுக்கான எம்3 மரை எடுத்தால் இரண்டு சுற்றுக்கூடப் பிடிக்காது. பின்னால் நட் வையுங்கள், அல்லது ரிவெட் நட் அடியுங்கள்.

தகட்டுக்கு முன் அட்டையில் செய்து பார்ப்பது கட்டாயம். சவர்க்காரம் வருகிற அட்டைப்பெட்டி ஒன்று போதும். போர்டை உள்ளே வைத்து, கேபிள் பூட்டி, கையை விட்டுப் பார்த்தால் திரையில் தெரியாத எல்லாம் தெரியும். பவர் சுவிட்சை முதலில் முன்பக்க நடுவில் வரைந்திருந்தேன். அட்டையில் பார்த்தவள், "பையில போடும்போது அமுங்கும் மாமா, பக்கத்துல வைங்க" என்றாள். வைத்தோம்.

பை என்றதும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் போய் வருகிறது. அந்த வளைவுகளில் மடியில் வைத்துக்கொண்டு போக எடை முக்கியம். தகடு மட்டும் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டுகிறது; ஒன்றரை மி.மீ. அலுமினியத்தில் செய்திருந்தால் 650 கிராமை ஒட்டி வந்திருக்கும். அலுமினியம் நல்லதுதான், ஆனால் இங்கே கிடைக்கிற தகடு மடிக்கும்போது சிலது வெடிக்கிறது, ஸ்பொட் வெல்டும் சுலபமில்லை. பாஸ் அண்ணனின் கைக்குப் பழகியது கல்வனைஸ். அரைக் கிலோவுக்காக அதை மாற்ற நான் விரும்பவில்லை.

கல்வனைஸ் என்றால் துரு வராது என்று நினைக்கக் கூடாது. பூச்சு இருப்பது தகட்டின் முகத்தில். வெட்டிய விளிம்பில் இரும்பு வெளியே தெரியும். கனம் குறைந்த தகட்டில் பக்கத்துத் துத்தநாகம் அந்த விளிம்பை ஓரளவு காக்கும். ஆனால் ஜூனில் பனிமூட்டம் கதவு வழியாக உள்ளே வந்து போகிற வீட்டில் அதை மட்டும் நம்ப முடியாது. விளிம்பை அரம் போட்டு, துத்தநாகப் பெயின்ட் தொட்டு வைத்தோம். வெளியே நிறம் அடிக்கிறவர்கள் கல்வனைஸுக்கான ப்ரைமரை முதலில் அடிக்க வேண்டும். சாதாரண எனமல் நேராக அடித்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உதிரும். இரண்டு துண்டும் தொடுகிற இடத்தில், போர்ட் தூண் நிற்கிற இடத்தில் பெயின்ட் படக் கூடாது. அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.

பனி நாட்களில் ஓடுகிற கணினிக்கு ஆபத்தில்லை, அதன் சூடே அதைக் காய வைத்துவிடும். ஆபத்து, குளிர்ந்துபோய்க் கிடக்கிற கணினிக்குத்தான். இரவு பஸ்ஸில் கொண்டுவந்த பெட்டியை அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வைத்த உடனே போடக் கூடாது. குளிர்ந்த தகட்டில் வீட்டுக்குள் இருக்கிற ஈரம் வந்து படியும். வெளித்தகட்டைக் கையால் தடவிப் பார்த்து, குளிர்ச்சி போன பிறகு போட வேண்டும். சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, மழைக்காலத்தில் லயத்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். கால்களை 15 மி.மீ. உயரமாக வைத்தேன், அடியால் காற்று ஓட. ரப்பர் கால், தையல் மெசினுக்கு விற்கிறது.

முப்பரிமாண அச்சில் முன்பக்கத்தைச் செய்யலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். செய்யலாம். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகைக்கே இளகும், கூலர் பக்கம் வேண்டாம். பி.இ.டி.ஜி. 80 வரை தாங்கும். ஆனால் அச்சுச் சுருள் ஈரத்தைக் குடிப்பதால், இந்த ஊர் மழையில் காய வைக்காமல் அச்சிட்டால் நூல் நூலாக வரும். எனக்குத் தகரமே போதும்.

கேசிங் இப்போது அவளோடு போய் வருகிறது. அடுத்ததற்கு இரண்டு மாற்றம் குறித்து வைத்திருக்கிறேன். 24 முள் இருக்கிற பக்கம் இன்னும் ஐந்து மி.மீ., ஏனென்றால் அடாப்டர் சொக்கெட்டின் வயர் அங்கே சற்று இறுக்கமாக வளைகிறது. மேல் துண்டின் இடது பக்கத்தில் ஒரு மடக்குப் பிடி, ட்ரங்குப் பெட்டிக்குப் போடுகிற அதே பிடி. அவளோடு படிக்கிற பண்டாரவளைப் பிள்ளை ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் போர்டில் எம்.2 போர்டின் அடிப்புறத்தில் இருப்பதால் தூண் இன்னும் உயர வேண்டும். தட்டை மட்டும் திரும்ப வரைந்து பாஸ் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.